ஸ்டியரிங்கில் மாட்டின சிவப்புத் துணி

எங்க வீட்டுக்காரருக்கு வேலை செஞ்ச இடத்துல வெச்ச பேரு ‘ரெண்டு தரம்’. முப்பத்தி நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவர். எதையும் ரெண்டு தரம் பார்ப்பார். அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பார்ப்பார், வாசல் வரைக்கும் போயிட்டு செருப்பைக் கழட்டிட்டு வந்து இன்னொரு தரம் பார்ப்பார். கதவைப் பூட்டி இழுப்பார், நாலு படி இறங்கினதும் ஏறி வந்து மறுபடி இழுப்பார். கல்யாணமான புதுசுல, “என்னையும் ரெண்டு தரம் பார்த்துட்டு தான் சரின்னு சொன்னீங்களா?”ன்னு கேட்டேன். “ஆமா. ரெண்டாவது தரம் பார்த்தப்போ நீ முறைச்ச. அப்பவே சுதாரிச்சிருக்கணும்”னார். மனுஷன் அதிகம் பேச மாட்டார். பேசினா இப்படித் தான் பேசுவார்.

ரெண்டு தரம் தான். மூணாவது தரம் பார்க்க மாட்டார். கேட்டா, “மூணாவது தரம் ஒருத்தன் பார்க்கிறான்னா, ரெண்டாவது தரம் பார்த்ததை மறந்துட்டான்னு அர்த்தம். அவனை லிஃப்ட் குழிக்குள்ள இறக்கக் கூடாது”ம்பார். இதை நான் ஏதோ வேலைக்காரங்க பேசுற பேச்சுன்னு தான் நினைச்சுட்டு இருந்தேன், அவரோட அண்ணனுக்கு அது வர்ற வரைக்கும்.

அண்ணன் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆன அடுத்த வருஷம், ஒரு நாள் எங்க வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சிட்டே, “பாப்பா வேலைக்குப் போயிட்டாளா?”ன்னு எங்க பொண்ணைப் பத்திக் கேட்டார். போயிட்டான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதையே கேட்டார். சரி, பெரியவர், காது சரியா கேக்கலையோ என்னவோன்னு மறுபடி சொன்னேன். டம்ளரைக் கீழ வெச்சுட்டு மூணாவது தரம், “பாப்பா வேலைக்குப் போயிட்டாளா?”ன்னார், அதே முகம், அதே சிரிப்பு. எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்க, அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கல. மூணே வருஷம். இப்போ பெரியவருக்குப் பொண்டாட்டி பேரு தெரியாது.

இவருக்கு இந்த வருஷம் அறுபது. அண்ணனுக்கு வந்த வயசு வர இன்னும் ஒரு வருஷம் தான் இருக்குன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருக்கார். உயரத்துல தொங்கி வேலை செஞ்ச ஆளு, உயிருக்குப் பயந்து நான் பார்த்ததில்ல. இதுக்குப் பயந்தார். ஒரு நாள் துணி மடிச்சிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து உட்கார்ந்தார். “எனக்கும் அது வந்தா முதல்ல உனக்குத் தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சுதுன்னா மறைக்காம உடனே சொல்லிடு. சத்தியமா?”ன்னார். “சும்மா எதையாவது உளறாதீங்க”ன்னேன். விடல. கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டு தான் எழுந்தார்.

இதுக்கு நடுவுல தான் வண்டி கத்த ஆரம்பிச்சது.

எங்க வீடு மேட்டு மேல. வீட்டு வாசல்ல இருந்து தண்ணித் தொட்டி முக்கு வரைக்கும் தெரு சமதளம். அதுக்கப்புறம் ஒரே இறக்கம், ஆறு வளைவு, கீழ ஊரு. மழைக்கு அந்த ரோட்டுல சின்ன வண்டி நிக்காதுன்னு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம். யானை மாதிரி கனம். பாப்பா கீழ ஆஸ்பத்திரியில லேப்ல வேலை பார்க்கிறா, அவ தான் தினமும் எடுத்துட்டுப் போவா. ஒரு நாள் சாயங்காலம் வந்து, “அப்பா, பிரேக் மிதிச்சா கர்ருனு தேய்க்குது”ன்னா. இவர் சக்கரத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார், ரெண்டு தரம். முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் பேட் தேய்ஞ்சு தகடா நிக்குதுன்னார்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே விடலாம்னு நானும் பாப்பாவும் ஒரே குரல்ல சொன்னோம். இவரும் தலையாட்டிட்டு தான் கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடி போட்ட அறை, சோபா, காபி மெஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்குது. நம்ம வண்டிக்கு முன்னாடி வேற ஒரு வண்டி மேடையில நின்னுச்சு. ஒரு பையன் சுறுசுறுப்பா சக்கரத்தை மாட்டி போல்ட்டை இறுக்கிட்டு இருந்தான். போன் வந்துச்சு. எடுத்துப் பேசிட்டே அந்தப் பக்கம் போனான், சிரிச்சான், திரும்பி வந்தான், அடுத்த சக்கரத்துக்குப் போயிட்டான். இவர் சோபாவுல இருந்து எழுந்து கண்ணாடி மேலயே மூக்கை வெச்சுட்டார். “எத்தனாவது போல்ட்ல நிறுத்தினான் தெரியுமா? மூணு. அஞ்சு இருக்கு. நாலும் அஞ்சும் யாரு இறுக்கினா?”

“அப்புறமா பார்ப்பாங்க, உட்காருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“யாரு பார்ப்பா? எந்த அடையாளமும் வைக்காம போனானே!”

கவுன்ட்டர்ல போய் சொன்னார். அங்கிருந்த பொண்ணு, “கடைசியா செக் பண்ணித் தான் சார் கொடுப்போம்”னு மரியாதையா தான் சொல்லுச்சு. உண்மையாவே செக் பண்ணுவாங்களா இருக்கும். இவர் சாவியைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டார். வர்ற வழியெல்லாம் பிரேக் கத்துது, நான் அதுக்கு மேல கத்தறேன். “ஊர்ல எல்லாரும் அங்க தான் விடுறாங்க, எல்லாரும் செத்தா போயிட்டாங்க?”ன்னேன். வாயைக் கொடுத்தா இவர் பேச மாட்டார்னு தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தான் சொன்னார். “லிஃப்ட் பிரேக் எப்பவும் பிடிச்சுட்டே இருக்கும். கரண்ட் வந்தா தான் விடும். கரண்ட் போனா, ஒயர் அறுந்தா, தானே பிடிச்சுக்கும். கார் பிரேக் அப்படி இல்ல. காலு மிதிச்சா தான் பிடிக்கும். நடுவுல எது விட்டாலும் பிடிக்காது. அதை எவன் கையிலயோ கொடுத்துட்டு நான் காபி குடிக்கணுமா? நானே மாத்தறேன்.”

மாத்தத் தெரியாத ஆளு இல்ல. கை அப்படிப்பட்ட கை. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சது. இது வண்டிக்காக மட்டும் இல்ல. அண்ணன் செருப்பை மாத்தி மாட்டிட்டு நிக்கிறதைப் போன வாரம் பார்த்துட்டு வந்ததுல இருந்து, தன் கை இன்னும் தன் கை தானான்னு மனுஷனுக்குப் பார்க்கணும் போல இருந்துச்சு. அதான் நான் மேல பேசல.

சனிக்கிழமை காலையில வாசல்ல வண்டியைத் தெருவைப் பார்த்து நிறுத்தி, கேட்டைத் திறந்து வெச்சுட்டு ஆரம்பிச்சார். “பத்து மணிக்கு நான் கிளம்பணும்பா”ன்னா பாப்பா. “ஒன்பதரைக்கு முடிஞ்சிடும்”னார்.

அந்தச் சிவப்புத் துணியைப் பத்தி இங்க சொல்லிடறேன். உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டித் துணி, மேல வெள்ளைப் பெயின்ட்டுல ‘ஆள் வேலையில் – தொடாதே’ன்னு எழுதியிருக்கும், ஒரு கம்பி வளையம். லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறவன் மெயின் சுவிட்ச்ல தன் துணியை மாட்டிட்டு தான் இறங்கணும். மாட்டினவன் தான் கழட்டணும். முதலாளி வந்தாலும் சரி, மூணு மணி நேரம் ஆள் காணாம போனாலும் சரி, வேற எவனும் அதுல கை வைக்கக் கூடாது. வேலையில இருந்தப்பவே அதுல ஒண்ணை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டார். மிக்ஸி ரிப்பேர் பண்ணினா ப்ளக்ல அது தொங்கும். குழாய் மாத்தினா வால்வுல தொங்கும். நானும் பாப்பாவும் சிரிப்போம், ஆனா தொட மாட்டோம். துணி தொங்கினா வேலை முடியல, துணி இல்லேன்னா முடிஞ்சாச்சு. இருபத்தஞ்சு வருஷமா எங்க வீட்டுல இது தான் சட்டம்.

வலது சக்கரம் முடிஞ்சது. இடது சக்கரத்தைக் கழட்டி புது பேடும் போட்டுட்டார். பேடைப் பிடிச்சுக்கிற காலிப்பரை வெச்சு, அதோட ரெண்டு போல்ட்டையும் விரலால திருகி நிறுத்தியிருந்தார். அடுத்தது ரெஞ்ச் வெச்சு இறுக்கணும். இவர்கிட்ட ஒரு ரெஞ்ச் இருக்கு, சரியான இறுக்கம் வந்ததும் ‘டிக்’குனு ஒரு சத்தம் கொடுக்கும். அந்த ‘டிக்’ கேக்கணும், ரெண்டு தரம். அப்புறம் உட்கார்ந்து பிரேக்கை நல்லா மிதிச்சு மிதிச்சு ஏத்தணும். புது பேடு போட்டா முதல் மிதி தரை வரைக்கும் போயிடும், பிடிக்காதுன்னு அன்னைக்குக் காலையில தான் என்கிட்ட சொல்லிட்டு இருந்தார்.

அப்போ தான் என் போன் அடிச்சது. ஓரகத்தி. நான் அக்கான்னு தான் கூப்பிடுவேன். அழுதுட்டே பேசினாங்க. பெரியவர் குளியலறைக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுட்டாராம், எப்படித் திறக்கிறதுன்னு தெரியலையாம், உள்ள இருந்து கத்தறாராம், தண்ணி ஓடுற சத்தம் கேக்குதாம். நான் போனைப் பிடிச்சுட்டே வாசலுக்கு ஓடி, “என்னங்க, உடனே கிளம்புங்க!”ன்னு கத்தினேன்.

நான் தான் கூப்பிட்டேன். அதை முதல்ல சொல்லிடறேன்.

அவர் அப்படியும் நிதானம் இழக்கல. ஜாக்கி மேல வண்டியை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டார். சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, ஜாக்கியை இறக்கினார். வண்டி நாலு கால்ல நின்னுச்சு. கதவைத் திறந்து ஸ்டியரிங்கில சிவப்புத் துணியை மாட்டினார். நான் பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அப்புறம் கையைக் கூடக் கழுவாம, போனையும் எடுக்காம, தொட்டி முக்குக்குப் பின்னாடி இருக்கிற அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

நான் வாசல்ல நின்னேன். வண்டிக் கதவு சரியா சாத்தல. சாத்தப் போனேன். துணி பூரா கருப்பு. பிரேக் தூளும் கிரீஸும் அப்பிக் கிடக்கு, அது ஸ்டியரிங்கிலயும் ஒட்டியிருக்கு. பாப்பா வெள்ளைக் கோட்டு போட்டுட்டு தானே உட்காருவா, போன மாசம் தான் ஒரு கோட்டை இப்படி நாசம் பண்ணினா. ஸ்டியரிங்கைத் துடைச்சேன். துணியைக் கழட்டினேன். பின்னாடி பக்கெட்டுல சோப்புத் தண்ணி இருந்துச்சு, ரெண்டு கசக்கு கசக்கிப் பிழிஞ்சு திரும்ப மாட்டிடலாம்னு போனேன். சாவி தான் அவர் பாக்கெட்டுல இருக்கே, அஞ்சு நிமிஷத்துல என்ன ஆகப் போகுது! பாப்பா கைப்பையில இன்னொரு சாவி இருக்கிறது எனக்கு அந்த நேரத்துல தோணவே இல்ல. தோணலையே, என் புத்தியை எதால அடிக்கிறது?

துணியைப் பிழிஞ்சிட்டு இருக்கேன், முன்னாடி வண்டி ஸ்டார்ட் ஆகுது.

நான் கையில நுரையோட ஓடினேன். கேட்டைத் தாண்டி வண்டியோட பின்பக்கம் தான் தெரிஞ்சுது. பத்து அடிச்சு ரெண்டு நிமிஷம். வண்டி நாலு சக்கரத்துல நிக்குது, துணி இல்ல, அப்பா இல்ல. முடிஞ்சாச்சுன்னு தானே அவ எடுப்பா? “பாப்பா! நிறுத்து! பாப்பா!”ன்னு கத்தினேன். கண்ணாடி ஏத்தியிருக்கு. போன் போட்டேன். அடிக்குது, அடிக்குது. எடுக்க மாட்டா. வண்டி ஓட்டும்போது போன் எடுத்தா சாவியைப் பிடுங்கிடுவேன்னு சொல்லி வளர்த்தவர் அவ அப்பா. அந்த நல்ல பழக்கம் எமனா வந்து நின்னுச்சு.

நான் ஓடறேன். செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு. ஓடிட்டே ஓரகத்திக்கு போட்டேன். “அக்கா, அவர்கிட்ட கொடுங்க, கொடுங்க!” அவர் குரல் வந்துச்சு. “தாழ்ப்பாள் திறந்தாச்சு, அண்ணன் நல்லா...”

“பாப்பா வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க!”

ஒரு சத்தம் வந்துச்சு, அவர்கிட்ட இருந்து நான் கேட்டதே இல்லாத சத்தம். “விரலால தான் திருகியிருக்கேன்... பெடல் ஏத்தல...” போன் கீழ விழுந்துச்சு.

தொட்டி முக்கு என் கண்ணுக்குத் தெரியுது. அங்க வண்டி இல்ல. வண்டி திரும்பியாச்சு. அந்தப் பக்கம் இறக்கம். முதல் வளைவுல பள்ளத்துப் பக்கம் ஒரு முழ உயரச் சுவர் தான் இருக்கு. எனக்குக் கால் ஓடுது, ஆனா இருந்த இடத்துலயே ஓடற மாதிரி இருக்கு. கடவுளே, என் கையை எடுத்துக்கோ, என் கண்ணை எடுத்துக்கோன்னு வாய் பாட்டுக்குச் சொல்லிட்டே போகுது. அப்போ ‘டமார்’னு ஒரு சத்தம். என் உடம்புல உயிர் இல்ல. நான் முக்கு திரும்பினேன்.

வண்டி தொட்டிச் சுவரோரம் ஏறி, பெரிய குப்பைத் தொட்டியை நசுக்கிட்டு நின்னுச்சு. இறக்கத்துக்குப் பத்தடி முன்னாடி. பாப்பா ரெண்டு கையாலயும் ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்த மேனிக்கு உட்கார்ந்திருந்தா. வெள்ளைக் கோட்டு வெள்ளையா தான் இருந்துச்சு.

“மிதிச்சேன்மா, உள்ள போயிடுச்சு”ன்னா. “வண்டியில எந்த வேலை செஞ்சாலும் இறக்கத்துக்கு முன்னாடி ரெண்டு தரம் பிரேக் மிதிச்சுப் பாருன்னு அப்பா சொல்வார் இல்ல, அதான் மிதிச்சேன். தரை வரைக்கும் போயிடுச்சும்மா.” நான் அவளைக் கட்டிப் பிடிச்சுட்டு ஓன்னு அழுதேன். குப்பையெல்லாம் காலைச் சுத்தி.

அவர் எதிர்ப்பக்கத்துல இருந்து ஓடி வந்தார். பொண்ணோட தலை, தோள், கை, முட்டி எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுபடி முதல்ல இருந்து தொட்டுப் பார்த்தார். அப்புறம் தான் கேட்டார். “துணி தொங்குதே, ஏன்டா கண்ணு எடுத்த?”

“துணி இல்லப்பா. இருந்தா எடுப்பேனா?”

அவர் வண்டிக்குள்ள பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தேடினார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பேன்ட் பையைத் தட்டினார். வெளிய வந்து ஓரக்கல்லு மேல மெதுவா உட்கார்ந்தார். “மாட்டின மாதிரி தான் இருக்கு. ஆனா முப்பத்தி நாலு வருஷமா மாட்டினது தானே ஞாபகத்துல இருக்கு? இன்னைக்கு மாட்டினேனான்னு...” என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆரம்பிச்சிடுச்சு.”

அந்த இடத்துல நான் சொல்லியிருக்கணும். என் கையில சோப்பு நுரை கூட இன்னும் காயல. ஆனா நாக்கு எழும்பல. சொன்னா, பெத்த பொண்ணைக் கொல்லப் பார்த்தவ நான்னு ஆகுமே! பாப்பா என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தா. அந்தப் பிடி விட்டுப் போயிடுமோன்னு பயம். நான் வாயை மூடிட்டேன்.

சர்வீஸ் சென்டர்ல இருந்து வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு. இவரும் பாப்பாவும் கூடப் போனாங்க. என்ன வேணும்னு கேட்டாங்களாம், “எல்லாத்தையும் நீங்களே பாருங்க”ன்னுட்டு கையெழுத்துப் போட்டாராம். கண்ணாடிப் பக்கம் கூடத் திரும்பலன்னு பாப்பா வந்து சொன்னா.

அதுக்கப்புறம் நாலு நாள். நாலு நாளும் நான் பார்த்தது என் புருஷனை இல்ல. ஸ்பானர் பெட்டியைப் பூட்டி சாவியைப் பாப்பாகிட்ட கொடுத்தார். “அடுப்பை நீ பாரு, நான் பார்த்தா பார்த்த மாதிரி இல்ல”ன்னார். கதவை இழுத்துப் பார்க்காம படி இறங்கினார். ஒரு காகிதத்துல எங்க பேரு, பாப்பா பேரு, வீட்டு விலாசம் எல்லாம் எழுதி சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். சாப்பிட உட்கார்ந்தா, “நான் சாப்பிட்டேனா?”ன்னு கேக்கல, ஆனா கேட்டுடுவோமோன்னு பயந்து என் முகத்தையே பார்ப்பார். துணி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி மடிச்சுக் கிடந்துச்சு. டீ போடப் போறப்பல்லாம் டப்பாவை எடுப்பேன், இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன், டீயை மட்டும் கொண்டு போய் கொடுப்பேன். மறைக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கின ஆளுகிட்ட, அவரைப் பாதி கொன்னு போடற ஒண்ணை மறைச்சு வெச்சுட்டு டீ கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமா தான் இருக்கு.

அவரே டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டார். ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டர், அண்ணனுக்குப் பார்த்த அதே ஆளு. கிளம்பும்போது துணியை என் கைப்பைக்குள்ள போட்டேன். ஏன் போட்டேன்னு எனக்கே தெரியல.

சின்ன அறை. மேஜை மேல ஒரு பொம்மை மண்டை, பாதி திறந்து மூளை தெரியற மாதிரி. நான் அதைப் பார்க்காம சுவத்தைப் பார்த்தேன். டாக்டர் அஞ்சு வார்த்தை சொல்லி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னார். இவர் பரீட்சைக்கு வந்த பிள்ளையாட்டம் கையை மடியில கட்டிட்டு எல்லாத்துக்கும் பதில் சொன்னார். அஞ்சு வார்த்தையையும் திருப்பிச் சொன்னார்.

“நல்லா தானே இருக்கீங்க? எதை மறந்ததா நினைச்சு வந்தீங்க?”

“என் பொண்ணைக் கொல்ல இருந்தேன் டாக்டர்”னு ஆரம்பிச்சார். “துணியை மாட்ட மறந்துட்டேன். முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல. என் துணியை நம்பி என் ஆளுங்க எத்தனை பேர் குழிக்குள்ள இறங்கியிருக்காங்க...”

நான் கைப்பையைத் திறந்து துணியை எடுத்து மேஜை மேல வெச்சேன்.

“மாட்டினீங்க”ன்னேன். “நான் தான் கழட்டினேன். அழுக்கா இருந்துச்சுன்னு துவைக்க எடுத்துட்டுப் போனேன்.”

அவர் துணியைப் பார்த்தார். கையில எடுத்தார். சோப்பு வாசனை அடிச்சிருக்கும், மூக்குக்கிட்ட கொண்டு போனார். நான் எதுக்கு வேணும்னாலும் தயாரா இருந்தேன். அடிச்சாலும் சரி, எழுந்து போனாலும் சரி. “அப்போ நான் மாட்டினேனா?”ன்னார்.

“மாட்டினீங்க. நான் பார்த்தேன்.”

சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டார். கொஞ்சம் ஆசுவாசம் ஆனதும் என் பக்கம் திரும்பினார். “நாலு நாள்டி”ன்னார். “நாலு நாள் நான் செத்துட்டேன்டி.” நான் அவர் காலைத் தொடக் குனிஞ்சேன், விடல. இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல, ஆறு மாசம் கழிச்சு ஒரு தரம் வாங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து நேரா சர்வீஸ் சென்டர். வண்டி தயாரா இருந்துச்சு. இப்போ பழைய ஆளு திரும்ப வந்துட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் குனிஞ்சு, அந்தப் பையனையே கூப்பிட்டு, ஒவ்வொரு போல்ட்டா தன் கண்ணு முன்னாடி இறுக்கச் சொன்னார். ‘டிக்’. ‘டிக்’. பையன் எல்லா போல்ட்டும் முன்னாடியே சரியா தான் இறுக்கியிருந்தான். “நல்ல கைடா உனக்கு. போனை மட்டும் வெளிய வெச்சுட்டு வா”ன்னு அவன் தோளைத் தட்டினார். சாவி வாங்கும்போது என்னைப் பார்த்து, “அப்போ நான் மாட்டினேன் தானே?”ன்னு கேட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார். “மாட்டினீங்க சாமி, மாட்டினீங்க. ரெண்டு தரம் கேட்டாச்சு இல்ல? கிளம்புங்க”ன்னேன். நானும் சிரிச்சேன். பாப்பாகிட்ட சாயங்காலம் எப்படிச் சொல்லப் போறேனோங்கிற பயம் கூட அப்போ பெருசா தெரியல.

கேட்டைத் தாண்டினதும் ரெண்டு தரம் பிரேக் மிதிச்சுப் பார்த்தார். சத்தமே இல்லாம நின்னுச்சு. துணியைக் கண்ணாடிக்குக் கீழ தொங்க விட்டிருந்தார். ஆறு வளைவும் ஏறினோம். வழியில பெரியவர் குளியலறைக்கு வெளியில இருந்து திறக்கிற தாழ்ப்பாள் போடணும்னு பேசிட்டு வந்தார், அளவெல்லாம் சரியா சொன்னார். தொட்டி முக்கு வந்துச்சு. நசுங்கின குப்பைத் தொட்டியை இன்னும் யாரும் எடுக்கல. அதைப் பார்த்ததும் வண்டியை மெதுவாக்கினார்.

“அந்தத் துணியை நான் மாட்டினேனா?”ன்னார்.

கிண்டல்னு நினைச்சு அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்ல. காலையில டாக்டர் அறையில கேட்டாரே, அதே முகம். புதுசா கேக்கிற முகம். சந்தோஷத்துல கேக்கிறாரா, கேட்டதை மறந்துட்டுக் கேக்கிறாரா? முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ நான், எனக்கே தெரியல. ரெண்டு தரம் கேட்டா அது அவர். மூணாவது தரம் கேட்டு நான் பார்த்ததில்ல. தெரிஞ்சா மறைக்காதேன்னு என் கையைப் பிடிச்ச அந்தக் கை கியர் மேல இருந்துச்சு, நான் அதையே பார்த்தேன்.

“ஆமாங்க, மாட்டினீங்க”ன்னேன்.

“அப்படியா!”ன்னு சிரிச்சுட்டே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.